மும்பையில் சைகை மொழி பழக வருகிறவர்களுக்கு

குர்லா ஸ்டேஷனில் ஒரு நாள் ராத்திரி எட்டரை மணி இருக்கும். ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் "கேக்குதா? கேக்குதா?" என்று கத்திக்கொண்டிருந்தேன். என் பக்கத்தில் நின்ற ஒரு பெண், எதிர் பிளாட்பாரத்தில் நின்ற ஒரு பையனோடு, நடுவில் தண்டவாளம் கிடக்க, சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தாள், கையால். நடுவில் ஒரு லோக்கல் புகுந்தபோது இருவரும் கையை இறக்கிக்கொண்டார்கள், வண்டி போனதும் விட்ட இடத்தில் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு அம்மா சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தேறவில்லை.

நான் சைகை மொழி படிக்கப் போனதற்கு இதைவிடப் பெரிய காரணம் கிடையாது. அப்போது வயது 41. ஒரு சரக்குக் கப்பல் கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை, செம்பூரில் வாடகை வீடு, சனி ஞாயிறு வந்தால் தூக்கம், எழுந்தால் மறுபடி போன். பிடிப்பு என்று ஒன்றும் இல்லை. இப்போது ஆறு வருஷம் ஆகிறது. தெரிந்த தமிழர்கள் முலுண்டு, சயான், மாட்டுங்கா என்று எல்லாப் பக்கமிருந்தும் "நானும் வரலாமா, எங்கே ஆரம்பிக்கணும், ஏதாவது உருப்படியாச் செய்யணும்போல இருக்கு" என்று கேட்கிறார்கள். ஆளுக்கு ஆள் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

1. 'உதவி செய்யப் போகிறேன்' என்பதை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்

என்னோடு வகுப்பில் சேர்ந்தவர்கள் பதினாலு பேர். "பாவம், அவங்களுக்கு ஏதாவது பண்ணணும்" என்று வந்தவர்கள் இரண்டாம் மாதமே காணாமல் போனார்கள், ஏனென்றால் அங்கே பாவமாக யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. அந்த அறையில் மக்கு யார் என்றால் நாம்தான். பேச்சு புரியாமல் திருதிருவென்று விழிப்பது நாம், மூன்று வயதுக் குழந்தை மாதிரி ஒவ்வொரு சொல்லாகத் திக்குவது நாம். இதில் கோபம் வராமல், கொஞ்சம் சிரிப்பு வருகிறவர்கள்தான் தங்கினார்கள். கடைசியில் மிஞ்சிய ஐந்து பேரும் அரட்டைக்காக வந்தவர்கள், என்னையும் சேர்த்து.

இந்த நேரத்திலேயே சொற்களையும் சரிசெய்துகொள்ளுங்கள். 'ஊமை', 'செவிடு' இரண்டும் வேண்டாம். தங்களை அவர்கள் 'டெஃப்' என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள், நாம் நம்மைத் தமிழர் என்று சொல்லிக்கொள்வது மாதிரி, ஒரு மொழிக்காரர்களின் பெயராக. காது கேட்கிற நமக்கும் ஒரு பெயர் உண்டு: 'ஹியரிங்'. தமிழில் எழுதும்போது காது கேளாதவர் என்று எழுதலாம், 'வாய் பேசாதவர்' என்பதைத் தவிர்த்துவிடுங்கள், அரை மணி நேரம் அவர்களோடு உட்கார்ந்தால் பேசாதவர் என்று சொல்ல உங்களுக்கே மனசு வராது. ஆபீசில் பணம் தராமல் இழுத்தடிக்கும் ஒரு பார்ட்டியைப் பற்றி "செவிடன் காதில் ஊதின சங்கு" என்று சொல்ல வாயெடுத்து, பாதியில் நிறுத்தி, "சங்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு முழித்திருக்கிறேன். பழகிய வாய், சட்டென்று மாறாது.

ஒரு விஷயம், காது கேளாத எல்லோரும் சைகையில் பேசுகிறவர்கள் அல்ல. வயதான பிறகு காது மந்தமானவர்கள், சின்ன வயதிலிருந்தே மெஷின் வைத்து வாயால் பேசிப் பழகியவர்கள் எல்லாம் உண்டு. யாரைப் பார்த்தாலும் கையை ஆட்டத் தொடங்கிவிடாதீர்கள்.

2. கண்ணாடி முன்னால் ஐந்து நிமிஷம்

"உதட்டைப் பார்த்தே புரிஞ்சுக்குவாங்கல்ல?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். கண்ணாடி முன்னால் நின்று சத்தம் வராமல் "பணம் வேணும்" என்று சொல்லுங்கள். அப்புறம் "மணம் வேணும்" என்று சொல்லுங்கள். உதட்டில் இரண்டும் ஒன்றுதான். படம், மடம் அதே கதை. கன்னம் என்பதில் வரும் 'க' தொண்டைக்குள்ளேயே முடிந்துவிடுகிறது, வெளியே எதுவும் தெரியாது. இதில் மீசை வேறு வைத்திருந்தால் சுத்தம். உதடு படிப்பது என்பது பாதிக்கு மேல் ஊகம், நாள் முழுக்க ஊகித்துக்கொண்டே இருந்தால் ஒருத்தருக்கு எவ்வளவு அலுப்பு வரும் என்று யோசித்தால் சைகை எதற்கு என்ற கேள்வி வராது.

3. சரியான மொழியைப் பிடியுங்கள்

இது அற்பமாகத் தெரியும், ஆனால் பாதிப் பேர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். யூடியூபில் சைகை மொழி என்று தேடினால் முதலில் வந்து விழுவது அமெரிக்கச் சைகை மொழி. அது வேறு மொழி. உலகம் முழுக்க ஒரே சைகை என்பது கட்டுக்கதை, அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பேசுவது ஒரே ஆங்கிலம், ஆனால் சைகை மொழி வெவ்வேறு. சட்டென்று அடையாளம் காண ஒரு வழி: எழுத்துகளை ஒரே கையால் காட்டினால் அது அமெரிக்கச் சரக்கு, நம் இந்திய சைகை மொழியில் ஆங்கில எழுத்துகளுக்குப் பெரும்பாலும் இரண்டு கையும் வேண்டும். நான் மூன்று வாரம் தவறான மொழியைப் படித்துவிட்டு முதல் வகுப்பில் என் பெயரை ஒற்றைக் கையால் எழுத்துக்கூட்டிக் காட்ட, ஆசிரியர் என் இடது கையைப் பிடித்துத் தூக்கி, இதை எதற்கு வைத்திருக்கிறாய் என்பது போலப் பார்த்தார்.

டெல்லியில் 2015இல் தொடங்கிய இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் வீடியோ அகராதி ஒன்று போட்டிருக்கிறது. 2018இல் 3,000 சொல்லோடு வந்தது, 2021இல் 10,000 ஆனது. அதை வைத்தே 'சைன் லேர்ன்' என்று ஒரு செயலி இருக்கிறது, இலவசம். போனில் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அதை மனப்பாடம் செய்ய உட்காராதீர்கள். சொல்லை மட்டும் சேர்த்துக்கொண்டு வருகிறவர்கள், நிகண்டு படித்துவிட்டு ரயிலில் பேச வந்தவர்கள் மாதிரி நிற்பார்கள். ஊருக்கு ஊர் சில சைகை மாறும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1970களில் டெல்லி, கல்கத்தா, பம்பாய், பெங்களூர் நாலு ஊரிலும் ஒப்பிட்டுப் பார்த்தபோது முக்கால்வாசிச் சொற்கள் ஒத்துப்போயின, கால்வாசி ஒத்துப்போகவில்லை. அந்தக் கால்வாசிக்கு அகராதியைத் தூக்கிக்கொண்டு எதிரில் இருப்பவரோடு சண்டைக்குப் போக வேண்டாம். அவர் கை சொல்வதுதான் சரி.

இப்போது நல்ல செய்தி. தமிழ் தெரிந்தவர்களுக்கு இந்த மொழி கொஞ்சம் சுலபம் என்று எனக்குத் தோன்றுகிறது. 'உன் பேர் என்ன' என்பதைச் சைகையில் அதே வரிசையில் சொல்லலாம்: உன், பேர், என்ன. நடுவில் இந்தியின் 'ஹை' மாதிரி எதுவும் வேண்டாம், நமக்கும் அது பழக்கமில்லைதானே. 'இல்லை' என்பது நமக்கு மாதிரியே கடைசியில் வரும். நேற்று, நாளைக்கு எல்லாம் முன்னாலேயே வந்துவிடும். கேள்விச் சொல் வாக்கியத்தின் கடைசிக்குப் போகும் என்பதை மட்டும் பழகிக்கொள்ள வேண்டும். 'எங்கே போறே' அல்ல, 'நீ போறே, எங்கே'.

எனக்கு ரொம்பப் பிடித்தது கேள்விச் சொற்கள் பிறக்கும் விதம். கேள்விக்கென்று பொதுவாக ஒரு சைகை இருக்கிறது. இடம் என்று காட்டி அதைச் சேர்த்தால் எங்கே, நேரத்தோடு சேர்த்தால் எப்போது, முகத்தோடு சேர்த்தால் யார், எண்ணிக்கையோடு சேர்த்தால் எத்தனை. பள்ளிக்கூடத்தில் 'எ' வினா எழுத்து என்று படித்தோமே, எவ்விடம், எந்நேரம், எவர், எத்தனை, அதே வேலைதான், இங்கே 'எ' பின்னால் வருகிறது, அவ்வளவுதான். இதைக் கண்டுபிடித்த அன்று தாதரில் இறங்க வேண்டியவன் பைகுல்லா வரை போய்விட்டேன்.

ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விக்குக் கை போதாது, புருவத்தைத் தூக்க வேண்டும். 'சாப்பிட்டாய்', 'சாப்பிட்டாயா' இரண்டுக்கும் கை ஒன்றே, நம் 'ஆ' இருக்கும் இடம் புருவம். கணக்கெழுதி மரத்துப்போன முகத்துக்கு இது பெரிய தண்டனை. ஆறு மாதம் நான் கேட்ட கேள்வியெல்லாம் அறிவிப்பாகத்தான் போய்ச் சேர்ந்தது.

4. டெஃப் ஆசிரியரிடம் படியுங்கள்

ஹியரிங் ஆட்கள் நடத்தும் வகுப்புகளும் உண்டு, சில நன்றாகவே இருக்கும், ஆனால் என் பேச்சைக் கேட்டால் முதல் வகுப்பு டெஃப் ஆசிரியரிடம்தான் இருக்க வேண்டும். சேருவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: சொல்லித்தருவது யார்? ஃபீஸ் எல்லாம் அப்புறம். மும்பையில் பாந்த்ரா ரெக்ளமேஷனில் அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் இருக்கிறது, பேச்சு, செவித்திறன் குறைபாடுகளுக்கென்று 1983இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம், சைகை மொழிக்கென்று 2001இல் தனிப் பிரிவு வைத்த இடம். விசாரிக்க முதல் கதவு அதுதான். நேரில் போய்க் கேளுங்கள், அறிவிப்புப் பலகையைப் பாருங்கள், அங்கே வந்துபோகிறவர்களைப் பார்த்தாலே வேறு எங்கெங்கே வார இறுதி வகுப்பு நடக்கிறது என்று தெரிந்துவிடும்.

வகுப்பில் வாய்க்கு வேலை இல்லை. ஆசிரியர் உள்ளே வந்ததும் விளக்கு சுவிட்சை இரண்டு தடவை தட்டுவார், அதுதான் மணி. பெண் என்றால் மூக்குத்தி இருக்கும் இடத்தைத் தொடுவார், ஆண் என்றால் மீசையை முறுக்குவார், எங்கள் வகுப்பில் எல்லோரும் உடனே பிடித்துக்கொண்டது இந்த இரண்டைத்தான். எனக்கு அந்த அறையில் பிடித்த இன்னொன்று, யாரும் என்னை "இந்தி நஹி ஆதா?" என்று கேட்கவில்லை. 23 வயதில் திருநெல்வேலியிலிருந்து வந்து இறங்கி, தாதர் மார்க்கெட்டில் கத்திரிக்காயைக் காட்டி விரலை நீட்டி விலை கேட்டுக் காலம் தள்ளியவன் நான். பக்கத்தில் குஜராத்திக்காரர், முன்னால் மராட்டிக்காரப் பெண், எல்லோரும் ஒரே அளவுக்கு ஊமையாக (இந்த ஒரு தடவை மன்னியுங்கள், எங்களைத்தான் சொன்னேன்) உட்கார்ந்திருந்தோம்.

எங்கள் ஆசிரியருக்கு ஐம்பது தாண்டிய வயது. ஒரு நாள் தன் இடது கைப் பெருவிரல் மூட்டைக் காட்டினார், பள்ளியில் ஸ்கேலால் வாங்கிய அடி. வகுப்பில் கையை ஆட்டிப் பேசினால் அடி விழும், கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். 1880இல் இத்தாலியின் மிலானில் கூடிய ஒரு மாநாட்டில் டெஃப் பிள்ளைகளுக்கு வாய்ப்பேச்சால் மட்டுமே சொல்லித்தர வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள், அதற்கு ஐந்து வருஷம் கழித்து, 1885இல், நம் பம்பாயில் டெஃப் பிள்ளைகளுக்கான பள்ளி தொடங்கியது, நாட்டிலேயே முதலாவது. அந்த மிலான் காற்று இங்கே நூறு வருஷத்துக்கு மேல் அடித்தது. ஆக, இவர்கள் இந்த மொழியைக் கற்றது வகுப்பறையில் இல்லை, ஹாஸ்டலில், கழிப்பறை வாசலில், ரயிலில். அப்படிக் காப்பாற்றி வைத்ததை நமக்குச் சம்பளத்துக்கு உட்கார்ந்து சொல்லித்தருகிறார்கள். லேட்டாகப் போகாதீர்கள்.

5. வகுப்பு முடிந்ததும் ஓடிவிடாதீர்கள்

மொழி வருவது டீக்கடையில்தான். போகலாம் என்று எழுந்த பிறகு முக்கால் மணி நேரம் நின்று பேசுவது டெஃப் வழக்கம். போன் செய்து பேசிக்கொள்ள முடியாத காலத்தில் பார்த்தால்தான் பேச்சு என்று இருந்ததன் மிச்சம் என்பார்கள், இப்போது வீடியோ கால் வந்தும் அது போகவில்லை. வீட்டில் முன்னாலேயே சொல்லிவிட்டு வாருங்கள்.

சில நடைமுறைகள். கூப்பிட வேண்டுமானால் தோளில் லேசாகத் தட்டலாம், தூரத்தில் இருந்தால் கையை அசைக்கலாம், மேஜையைத் தட்டினால் அதிர்வில் திரும்புவார்கள். பேசிக்கொண்டிருக்கும் இருவருக்கு நடுவில் போக வேண்டியிருந்தால் பேசாமல் கடந்து போய்விடுங்கள், நடுவில் நின்று மன்னிப்புக் கேட்டால்தான் தொந்தரவு. ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காராதீர்கள், உங்கள் முகம் இருட்டாகிவிடும். கைதட்டல் என்பது இரண்டு கையையும் உயர்த்தி விரல்களைக் குலுக்குவது. பேசும்போது கண்ணை எடுத்தால் அது காதைப் பொத்திக்கொள்வதற்குச் சமம், இது எனக்கு வர ரொம்ப நாள் ஆனது, பெரியவர்களை நேராகப் பார்க்காதே என்று வளர்த்துவிட்டார்களே.

ரயிலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. லோக்கலில் மாற்றுத்திறனாளிகளுக்கான பெட்டி மும்பை டெஃப் மக்களுக்கு ஒரு திண்ணை மாதிரி, நண்பர்கள் ஏறும் ஸ்டேஷன் பார்த்து ஏறி, பேச்சு முடியாவிட்டால் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டியும் போகிறவர்கள் உண்டு. அங்கே போய்ப் பழகலாம் என்று ஆசை வரும். ஏறாதீர்கள். சான்றிதழ் இல்லாமல் ஏறினால் அபராதம், அதைவிட மோசம், இடமில்லாத பெட்டியில் ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். பிளாட்பாரத்தில் நின்று பேசுங்கள். செப்டம்பர் 23 சர்வதேச சைகை மொழிகள் தினம், அந்த மாதக் கடைசி வாரம் ஊர்வலம், விளையாட்டு, நாடகம் என்று ஏதாவது நடக்கும், அப்போது போனால் ஒரே நாளில் முப்பது பேரைப் பழக்கம் பிடிக்கலாம்.

பழகிக்கொண்டே இருந்தால் ஒரு நாள் உங்களுக்குச் சைகைப் பெயர் வைப்பார்கள். நீங்களே வைத்துக்கொள்ளக் கூடாது, கேட்டு வாங்கவும் கூடாது. என் சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனா இருக்கும், அதனால் இரண்டு விரலால் நெஞ்சுப் பையைத் தட்டினால் அது நான். இப்போது பேனா வைப்பதை விட்டுவிட்டேன், பெயர் போகவில்லை.

6. தமிழர்களுக்கென்று இருக்கும் ஒரு வேலை

இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். டெஃப் பிள்ளைகளில் பெரும்பாலோரின் பெற்றோர் காது கேட்பவர்கள். மும்பையில் அந்தப் பிள்ளை படிக்கும் பள்ளியில் மராட்டி, இந்தி, ஆங்கிலம், டாக்டர் பேசுவது இந்தி, அம்மாவுக்குத் தெரிந்தது தமிழ் மட்டும். தாராவியில், சயான் கோலிவாடாவில், இப்படி வீடுகள் இருக்கின்றன. இரண்டு வருஷம் படித்த பிறகு எங்கள் ஆசிரியரே என்னை 90 அடி ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போனார். பையனுக்கு 13 வயது, ஆசிரியரோடு கை பறக்கப் பேசுகிறான். அம்மா நெல்லைப் பக்கம். வீட்டில் அவர்களுக்குள் மொத்தம் ஏழெட்டு சைகை: சாப்பிடு, தூங்கு, குளி, அடிப்பேன்.

"தம்பி, இவன் என்ன சொல்லுதான், கேட்டுச் சொல்லுங்களேன்" என்றார் அந்த அக்கா. பையன் கேட்டது: ஆச்சி ஊரிலிருந்து எப்போது வருவாள்?

ஆச்சி இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எப்படிச் சொல்வது என்று தெரியாமல் யாரும் அவனிடம் சொல்லவே இல்லை. நான் அக்காவிடம் அதைத் தமிழில் சொன்னேன். அவர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவன் எதிரில் உட்கார்ந்தார். நான் வாயைத் திறக்கவில்லை, கையையும் தூக்கவில்லை, ஆசிரியர்தான் எப்படிச் சொல்ல வேண்டும் என்று அக்காவுக்கு மெதுவாகக் காட்டினார், அக்கா தன் கையாலேயே சொன்னார்.

அதற்கப்புறம் பத்து மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் போனோம். ஆசிரியர் சைகையில் சொல்லித்தர, நான் தமிழில் சொல்ல, அக்கா படித்தார். இப்போது நான் அங்கே தேவையில்லை. போன வாரம் போனபோது அம்மாவும் மகனும் செல்போனுக்காகக் கையால் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள், எனக்கு டீ போடக்கூட யாரும் எழுந்திருக்கவில்லை. இந்த மாதிரி வீடு இன்னும் எத்தனையோ இருக்கிறது, தமிழும் சைகையும் தெரிந்த ஆள்தான் இல்லை.

7. எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்

கொஞ்சம் வந்ததும் மொழிபெயர்ப்பாளர் வேஷம் போட ஆசை வரும். எனக்கும் வந்தது. ஒரு கிளினிக்குக்கு நண்பர் ஒருவரோடு போய், டாக்டர் சாப்பாட்டுக்கு முன் என்று சொன்ன மாத்திரையை நான் சாப்பாட்டுக்குப் பின் என்று காட்டிவிட்டேன். மருந்துக்கடைக்காரர் உறையில் எழுதியதைப் பார்த்து நண்பர்தான் பிடித்தார், பிடித்துவிட்டு ஒரு மாதம் எல்லோரிடமும் அதைச் சொல்லிச் சிரித்தார். சிரிக்கும்படி முடிந்தது என் அதிர்ஷ்டம். ஆஸ்பத்திரி, போலீஸ், கோர்ட், பேங்க் கடன் இந்த நாலுக்கும் பயிற்சி பெற்றவர் வேண்டும், உங்களைக் கெஞ்சிக் கேட்டாலும்.

தொழிலாகவே செய்ய நினைத்தால் அதற்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் அங்கீகரித்த டிப்ளமோ இருக்கிறது, பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்க வேண்டும், இரண்டு வருஷம். பாந்த்ரா நிறுவனத்தில் இதையும் விசாரிக்கலாம். 2011 கணக்கெடுப்பில் செவித்திறன் குறைபாடு உள்ளவர்கள் என்று பதிவானவர்கள் மட்டும் 50 லட்சத்துக்கு மேல், மொழிபெயர்ப்பாளர்கள் அதற்கு எந்த மூலைக்கும் காணாது. 2023 செப்டம்பரில் பெங்களூர் வழக்கறிஞர் சாரா சன்னி உச்ச நீதிமன்றத்தில் சைகை மொழிபெயர்ப்பாளரோடு ஆஜரானார், டெஃப் வழக்கறிஞர் ஒருவர் அங்கே அப்படி ஆஜரானது அதுதான் முதல் தடவை. அந்த வீடியோவைத் தேடிப் பாருங்கள், மொழிபெயர்ப்பாளரின் வேகத்தைப் பார்த்தால் நம் யோக்கியதை நமக்குத் தெரிந்துவிடும்.

முதல் நாளுக்கு

ஒரே நிறச் சட்டை போடுங்கள், கட்டம் போட்டது, பூப்போட்டது வேண்டாம், அதன் மேல் கை தெரியாது. மோதிரம், வளையல் குறைவாக. நோட்டுப் புத்தகம் வேண்டாம், குனிந்து எழுதும் நேரத்தில் மூன்று சொல் போய்விடும். நாற்காலிகளை அரைவட்டமாகப் போட்டிருப்பார்கள், ஓரத்தில் உட்காராமல் நடுவில் உட்காருங்கள். வகுப்பு ஞாயிற்றுக்கிழமை என்றால் சென்ட்ரல், ஹார்பர் ரயில் பாதைகளில் மெகா பிளாக் இருக்கும், அதாவது தண்டவாள வேலைக்காக வண்டிகளை நிறுத்திவைப்பார்கள், பத்தரைக்கு முன்னாலேயே வண்டி ஏறிவிடுங்கள். திரும்பி வர எப்படியும் நாலு மணி தாண்டிவிடும், டீக்கடையைச் சொன்னேனே.